கனம் குறைத்த முகங்கள்

ராஜகுரு ஐயாவின் கல்யாண வெப்சைட்டில் கடைசிப் பக்கத்துப் பெண்களை யாருமே பார்ப்பதில்லை என்பதைக் கண்டுபிடித்தவள் பவதாரிணிதான். அதற்காக அவளுக்குப் பாராட்டு கிடைத்தது, ஒரு டப்பா பால்கோவாவும் கிடைத்தது. அந்தப் பால்கோவா டப்பா பிரிக்கப்படாமலே மேஜையில் கிடந்தது எதனால் என்பதுதான் இந்தக் கதை.

அது இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம். மதுரைக்கு இன்டர்நெட் டெலிபோன் வயர் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. மோடம் கீச்சென்று கத்தி, கரகரவென்று இருமி, ஒருவழியாக லைன் பிடித்துவிட்டால் அன்றைக்கு நரி முகத்தில் முழித்திருக்கிறோம் என்று அர்த்தம். லைன் பிடித்தாலும் யாராவது போன் அடித்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ராஜகுரு காமராசர் சாலைப் பக்கத்தில் குடியிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் தம் சௌராஷ்டிர சமூகத்துப் பிள்ளைகளுக்கு வரன் பார்த்துக் கொடுப்பதை ஒரு தொண்டாகச் செய்துவந்தார். காசு வாங்க மாட்டார். காபி கொடுத்தால் குடிப்பார், இரண்டாவது தடவை கொடுத்தாலும் குடிப்பார். பரமக்குடி, சேலம், திண்டுக்கல், கும்பகோணம் என்று ஊர் ஊராகப் பரவிக் கிடக்கும் ஜனங்களுக்குப் போட்டோவும் ஜாதகமும் தபாலில் அனுப்பியே அலுத்துப் போனவர், வெப்சைட் என்று ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு சிம்மக்கல்லில் சுருளியின் மாடி ஆபீஸைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். சுருளி அதுவரை விசிட்டிங் கார்டு டிசைன் செய்துகொண்டிருந்த மனுஷன். காலம் மாறுகிறது என்று தெரிந்ததும் போர்டை மாற்றி எழுதிக்கொண்டவர். ஆபீஸில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன், வேலைக்குப் பவதாரிணி ஒருத்தி.

பவதாரிணிக்கு ஊர் திருவாதவூர். அப்பா பால்பாண்டியும் அம்மா மலையம்மாளும் ஊரார் வயலில் நாற்று நட்டும் அறுத்தும் வளர்த்த பிள்ளை. கம்ப்யூட்டரில் டிப்ளமா முடித்துவிட்டு ஒத்தக்கடை வழியாக வரும் பஸ்ஸில் தினம் மதுரைக்கு வந்துபோனாள். வேலையில் சூட்டிகை. எந்த வரிசையிலும் கடைசியில் நிற்கிறவர்களைக் கண்டால் அவளுக்குக் கோபம் வரும். நின்று பார்த்தவளுக்குத்தானே அது தெரியும்.

வெப்சைட் ஆரம்பித்து ஆறேழு மாதமாகியும் போன் வந்ததெல்லாம் புதிதாகப் பதிந்த பெண்களுக்கு மட்டும்தான். பழைய வரன்களைக் கேட்க நாதியில்லை. குரு பார்வை இல்லை, ராகு சரியில்லை என்று ராஜகுரு ஒவ்வொரு வீட்டிலும் போய்ச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். ராகு பாவம், அவருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஒருநாள் ஆபீஸுக்குக் கீழே இருந்த பிரவுசிங் சென்டரில் ஒரு குடும்பம் அந்த வெப்சைட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பட்ட பாட்டைப் பவதாரிணி பின்னால் நின்று பார்த்தாள். பெண்ணின் முகம் தெளிவாக இருக்க வேண்டும் என்று ராஜகுரு எல்லாப் போட்டோவையும் நல்ல ஸ்டுடியோவில் கொடுத்து, ஸ்கேனர் எவ்வளவு பெரிதாக எடுக்குமோ அவ்வளவு பெரிதாக எடுத்துக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு படமும் யானைக் கனம். முதலில் முடி வந்தது. பிறகு வகிடு வந்தது. நெற்றிச்சுட்டி வந்ததும் அப்படியே நின்றது. மாப்பிள்ளையின் அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தாள். மூன்றாவது பெண்ணின் புருவம் இறங்கும்போது அரைமணி நேரம் முடிந்துவிட்டது. எழுந்து போய்விட்டார்கள்.

புதிதாகப் பதிந்தவர்களை மேலே போடுவது ராஜகுருவின் வழக்கம். ஆகவே பழையவர்கள் ஒவ்வொரு வாரமும் ஒருபடி கீழே இறங்கினார்கள். யார் அதிக நாள் காத்திருந்தார்களோ அவர்கள்தான் ஒன்பதாம் பக்கத்தில் கிடந்தார்கள். அந்தப் பக்கம் வரைக்கும் பொறுமையோடு போகிற மாமியார் இன்னும் பிறக்கவில்லை. இதைப் புரிந்துகொண்டதும் பவதாரிணி நேரே மாடிக்கு ஏறிப் போனாள்.

“கனத்தைக் குறைச்சிருவோம்ண்ணே. ஒரு பக்கத்துல இருக்கிற அம்புட்டுப் பேரும் ஒரே மூச்சுல வந்து நிக்கணும்” என்று சுருளியிடம் சொன்னாள்.

வேலை ஒன்றும் மாயமில்லை. படத்தைச் சிறிதாக்க வேண்டும், தரத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் புள்ளிகள் ஏறக்குறைய ஒரே நிறமாக இருந்தால் கம்ப்யூட்டர் சின்ன வித்தியாசங்களை விட்டுவிட்டு எல்லாம் ஒன்றுதான் என்று எழுதிக்கொள்ளும். இடம் மிச்சம். அதற்கு முன்னால் படத்தை லேசாக மங்கலாக்கிவிட்டால் இன்னும் மிச்சம். இந்தக் கடைசி வித்தை எதிலோ படித்தது. ஒரு படத்தில் செய்து பார்த்தாள். யானை பூனையாகிவிட்டது, முகமும் பளிச்சென்றுதான் இருந்தது. செய்த காரியங்களை வரிசையாகப் பதிந்து வைத்து, இருக்கிற எல்லாப் படத்துக்கும் இதையே செய் என்று கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தாள். அது மத்தியானம் முழுக்க ஒவ்வொரு முகமாக இழைத்துக்கொண்டே இருந்தது.

பழைய படங்களைத் தூக்கி எறிய ராஜகுரு சம்மதிக்கவில்லை. பெற்றவர்கள் நம்பிக் கொடுத்தது என்று முரண்டு பிடித்தார். அவர் திருப்திக்காக ஒவ்வொரு சின்னப் படத்துக்கும் கீழே ‘பெரிய படம்’ என்று ஒரு வரி வைத்து, பழையதை அதற்குப் பின்னால் போட்டாள். அதை அமுக்கிவிட்டு உட்கார்ந்திருக்க யாருக்குப் பைத்தியம் என்று சுருளி சிரித்தார். முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தாள், பிரமாதமாக இருந்தது. இரண்டாம் பக்கமும் அப்படியே. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள். ஒன்பதாம் பக்கத்துக்காக இவ்வளவும் செய்தவள், ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை.

பலன் கைமேல் கிடைத்தது. பரமக்குடியிலிருந்து போன், சேலத்திலிருந்து போன். கடைசிப் பக்கத்துப் பெண்களைக் கேட்டு மட்டும் ராஜகுரு வீட்டுக்கு ஏழெட்டு விசாரிப்பு வந்தது. மனுஷன் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். கிரகமெல்லாம் நகர்ந்துவிட்டது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார்.

பத்து நாள் போனபின் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் ஒரு பெண்ணையும் அழைத்துக்கொண்டு படியேறி வந்தார். தேவிகா, ஜனகராஜ் மகள் என்று அறிமுகப்படுத்தினார். ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர், முப்பதை நெருங்கும் வயது. உன்னைப் பார்த்தே ஆக வேண்டும் என்று வந்திருக்கிறாள் என்றார். தேவிகா பால்கோவா டப்பாவைப் பவதாரிணியின் கையில் வைத்தாள். பவதாரிணி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

இடது காதுக்குக் கீழே தொடங்கி, தாடையோரமாக இறங்கி, கழுத்தெல்லாம் பரவி, ரவிக்கைக்குள் போய் மறைந்தது ஒரு சூட்டுத் தழும்பு. தோல் சுருங்கி, அங்கங்கே பளபளத்தது. சின்ன வயதில் தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடக் காய்ச்சிய கஞ்சி அண்டாவோடு சாய்ந்து கொட்டியதாம். தேவிகா அதை முந்தானையால் மூடிக்கொள்ளவில்லை. பின்னலை முன்னால் இழுத்து விட்டுக்கொள்ளவும் இல்லை.

அவள் சந்தோஷமாகப் பேசினாள். இதுவரை மூன்று குடும்பங்கள் பெண் பார்க்க வந்திருந்தன. மூன்று தடவையும் ஸ்டுடியோக்காரர் டச்சப் செய்து கொடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். கூடத்துக்குள் நுழைந்து அவளைப் பார்த்ததும் முகம் மாறும். அதன்பின் வெயில் அதிகம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஏதாவது சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மூன்றாவது தடவைக்குப் பிறகு தேவிகா வீட்டில் கண்டித்துச் சொல்லிவிட்டாள். இனி டச்சப் கிடையாது, உள்ளபடியே போட்டோ எடுக்க வேண்டும், பார்த்துவிட்டு வருகிறவர்கள் வரட்டும். இன்னொரு தடவை யாராவது அவள் முகத்தைப் பார்த்து எழுந்து போனால் வரன் பார்க்கிற பேச்சே வீட்டில் எடுக்கக் கூடாது. ஜனகராஜ் அழுதுகொண்டே அதற்குத் தலையாட்டியிருந்தார்.

“இப்ப பரமக்குடியிலேருந்து வராங்க, நாளைக்குக் காலையில. பேரு பாலமுரளி. மோட்டார் காயில் கட்டுற கடை வெச்சிருக்காராம். போட்டோவைப் பார்த்தீங்களான்னு ஐயா ரெண்டு வாட்டி கேட்டாரு, பார்த்தோம்னு சொல்லிட்டாங்க. பார்த்துட்டே வராங்கம்மா” என்றாள் தேவிகா. அந்தக் கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது அவள் முகம் அழகாக இருந்தது.

 இப்படி ஒரு கழுத்தை எந்தப் பக்கத்திலும் பார்த்த ஞாபகமே பவதாரிணிக்கு இல்லை. டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தாள். படம் உடனே வந்து நின்றது, அவள் வேலைதான் அது. தேவிகாவின் கண், தேவிகாவின் மூக்கு, தேவிகாவின் சிரிப்பு. கழுத்து மட்டும் யாருடையதோ. வழவழவென்று, ஒரு சின்ன நிழல் விழுந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். மங்கலாக்கியதும் தரத்தை இறக்கியதும் சேர்ந்து, வித்தியாசமெல்லாம் வேண்டாம், எல்லாம் ஒரே தோல்தான் என்று முடிவு கட்டிவிட்டன. ஸ்டுடியோக்காரர் மூன்று தடவை செய்ததை அவள் ஒரே அமுக்கில் செய்து வைத்திருந்தாள்.

சுருளியும் பார்த்துவிட்டார். பேசாதே என்று கண்ணாலேயே சொன்னார். அவர் கெட்டவரில்லை. சந்தோஷமாக வந்த பெண்ணைச் சந்தோஷமாக அனுப்பிவிடலாமே என்று நினைத்தார். பவதாரிணிக்கும் ஒரு நிமிஷம் அந்த ஆசை வந்தது. ஒருவேளை அவர்கள் நல்லவர்களாக இருந்தால், ஒருவேளை நேரில் பார்த்தும் பிடித்துவிட்டால் என்று மனசு சமாதானம் தேடியது. ஆனால் நாளைக்குக் காலையில் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கப் போகிறவள் அவள் இல்லையே.

“அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு. நான்தான் பண்ணினேன்” என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டுத் தேவிகாவைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தாள். ஸ்டுடியோவில் எடுத்த பழைய படத்தையும் தான் கனம் குறைத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினாள். என்ன செய்தாள், எதற்குச் செய்தாள், எதைத் திறந்து பார்க்காமல் விட்டாள் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

தேவிகா, பள்ளியில் தப்பான விடை எழுதிய பிள்ளையின் தாளைப் பார்க்கிற மாதிரி இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப அவங்க பார்த்தது என்னை இல்ல” என்றாள். அவள் திட்டியிருந்தால் பவதாரிணிக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

ராஜகுரு பதறிப் போனார். ஜாதகம் எட்டுப் பொருத்தம் சேர்ந்திருக்கிறது, கடவுள் விட்ட வழி, பேசாமல் வரவிடு, நேரில் பேசினால் உன்னை யாருக்குத்தான் பிடிக்காது என்று தமிழிலும் அவர்கள் பாஷையிலும் மாற்றி மாற்றிச் சொன்னார். அவர் சொன்னதெல்லாம் பாசத்தில் சொன்னதுதான். தேவிகா அவரைக் கடைசிவரை பேசவிட்டாள்.

“இன்னொரு தடவை நடுக்கூடத்துல உக்காந்துக்கிட்டு, ஒருத்தர் முகம் மாறுறதை என்னால பார்க்க முடியாது ஐயா. மாறுறதா இருந்தா அங்கேயே மாறட்டும். அவர் கடை நம்பரைக் கொடுங்க” என்றாள். பெண் வீட்டிலிருந்து பெண்ணே மாப்பிள்ளைக்குப் போன் போடுவதா என்று ராஜகுரு திகைத்து நின்றார். அப்படி ஒரு வழக்கம் அவர் அறிந்தவரையில் இல்லை. கொஞ்ச நேரம் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, நம்பர் எழுதிய சீட்டை எடுத்துக் கொடுத்தார்.

ஒரு பத்து நிமிஷம் பொறுங்கள் என்று பவதாரிணி கேட்டுக்கொண்டாள். போனில் சொன்னால் மட்டும் போதாது, அவர் பார்ப்பதற்குச் சட்டென்று திறக்கிற படம் இருக்க வேண்டும் என்றாள். தேவிகாவின் பழைய படத்தைத் திறந்து துண்டு துண்டாக வெட்டினாள். பின்னால் தொங்கிய நீலத் திரையையும் சேலையையும் எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கினாள். முகமும் கழுத்தும் இருந்த துண்டை மட்டும் தொடவில்லை, ஸ்டுடியோவில் இருந்தபடியே விட்டாள். பிறகு எல்லாத் துண்டுகளையும் ஒட்டுத் தெரியாமல் பக்கத்தில் அடுக்கினாள். அதை ஏற்றி, ஒருமுறை திறந்து பார்த்தாள். தழும்பின் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. முதல் தடவையே இப்படிச் செய்யத் தெரிந்திருந்தும் செய்யவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இருப்பது ஒரே லைன். இன்டர்நெட்டைத் துண்டித்தால்தான் பேச முடியும். துண்டித்துவிட்டு டெலிபோனைத் தேவிகாவிடம் நகர்த்தினாள்.

பரமக்குடியில் மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். தேவிகா தன் பெயரைச் சொன்னது மட்டும்தான் பவதாரிணிக்குப் புரிந்தது. மற்றதெல்லாம் அவர்கள் வீட்டுப் பாஷை. சௌராஷ்டிரத்தில் அவளுக்கு ஒரு வார்த்தை தெரியாது. இடையில் ‘வெப்சைட்’ என்றும் ‘போட்டோ’ என்றும் வந்தது. தேவிகாவின் விரல் தானாகக் கழுத்துக்குப் போனது. அவள் சொல்லி முடித்துவிட்டாள் என்று அதை வைத்துப் பவதாரிணி தெரிந்துகொண்டாள்.

அந்தப் பக்கம் பேசத் தொடங்கியது. நீண்ட நேரம் பேசியது. தேவிகா ‘ம்’ கூடக் கொட்டாமல் கேட்டாள். அவள் முகத்திலிருந்து ஒன்றையும் படிக்க முடியவில்லை. பாஷை புரிகிற ராஜகுருவுக்கோ எதிர்முனைப் பேச்சு காதில் விழவில்லை, அவர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நடுவில் தேவிகா ஏதோ சுருக்கமாக ஒன்று கேட்டாள். அதற்குப் பதில் உடனே வந்தது. அவ்வளவுதான், ரிசீவரை மெதுவாக வைத்துவிட்டாள். வைத்த கை டெலிபோன் மேலேயே இருந்தது.

“வேணாம்னுட்டாரா அக்கா?” என்று பவதாரிணி கேட்டாள். கேட்பதற்குள் அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

தேவிகா இல்லை என்று தலையசைத்தாள். அவர் முன்னாலேயே பார்த்துவிட்டாராம் என்றாள். பரமக்குடியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பிரவுசிங் சென்டரில் அந்தச் சின்னப் படத்தைப் பார்த்திருக்கிறார். முகம் பிடித்திருந்தது. கீழே ‘பெரிய படம்’ என்று போட்டிருக்கிறதே, நன்றாகப் பார்ப்போம் என்று அமுக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதாம். பாதியில் லைன் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து போட்டுவிட்டு மறுபடியும் உட்கார்ந்திருக்கிறார். கழுத்து வந்தபோது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது, ரொம்ப வலித்திருக்குமே என்று நினைத்துக்கொண்டேன் என்றாராம். அந்தப் பெரிய படத்தைத்தான் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டியிருக்கிறார். நாளைக்கு எட்டு மணி பஸ்ஸுக்கு எல்லோருமாகக் கிளம்புகிறார்களாம்.

ராஜகுரு பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சுருளி, பைத்தியம் என்று தான் சிரித்தது நினைவுக்கு வந்ததோ என்னவோ, எழுந்து போய் காபி சொல்லிவிட்டு வருகிறேன் என்று படியிறங்கினார்.

பவதாரிணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நடுவுல ஏதோ கேட்டீங்களேக்கா?”

“பார்த்தவர் அன்னைக்கே ஐயாகிட்ட இதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலியேன்னு கேட்டேன்” என்றாள் தேவிகா. குரல் அப்போதுதான் உடைந்தது. “நீங்க எதையும் மறைக்கலையே, அப்புறம் நான் எதுக்குங்க கேக்கணும்னாரு.”